போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் முதலில் மணியைப் பாருங்கள்

"சும்மா ஒரு விசாரணைதான், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க." பெரும்பாலும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும் ஆளைக் கட்டியிருக்கும் கைலியோடு ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள், வீட்டில் இருப்பவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கைதான ஆளுக்கு அரசியல் சாசனம் கொடுத்திருக்கும் உரிமைகள் எல்லாம் கடைசியில் இரண்டு விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, அது எந்தத் தாளில் பதிவாகியிருக்கிறது. அடியும் மிரட்டலும் ஜோடித்த வழக்கும் பதிவே இல்லாத நேரத்தில்தான் நடக்கின்றன. அதனால் அந்த நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும்.

கூடவே ஒவ்வொரு உரிமையும் எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். "இது சட்டத்தில் இருக்கிறது சார்" என்று ஒரு எஸ்.ஐ. முன்னால் நின்று சொல்ல தைரியம் வேண்டும், அந்த உரிமைக்காக யார் எவ்வளவு பட்டார்கள் என்று தெரிந்தால் அந்த தைரியம் கொஞ்சம் வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்துவிட்டது, எண்கள்தான் அதிகம் மாறியிருக்கின்றன. யு.ஏ.பி.ஏ. (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்), அமலாக்கத்துறை வழக்குகளில் ஜாமீன் கிடைப்பது ரொம்பக் கஷ்டம். ஆனால் காரணம் சொல்வது, வக்கீல், 24 மணி நேரம் என்கிற அடிப்படை அங்கேயும் உண்டு.

நோட்டீஸா, கைதா?

முதல் கேள்வி இதுதான், மரியாதையாக ஆனால் தெளிவாகக் கேளுங்கள்: "சார், நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடுறீங்களா, கைது பண்றீங்களா?" இந்த இரண்டுக்கும் நடுவில் சட்டத்தில் எதுவும் கிடையாது. சாட்சியாகக் கூப்பிட்டால் எழுத்தில் கொடுக்க வேண்டும் (பிரிவு 179). குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தும் கைது தேவையில்லை என்றால் அதற்கும் எழுத்தில் நோட்டீஸ் (பிரிவு 35). இல்லையென்றால் கைது, அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது. "விசாரணைக்காக உட்கார வைத்திருக்கிறோம்" என்பது எந்தப் பிரிவிலும் இல்லை.

1994-ல் உத்தரப் பிரதேசத்தில் ஜோகிந்தர் குமார் என்கிற 28 வயது இளம் வக்கீலை காஸியாபாத் எஸ்.எஸ்.பி. (மாவட்டப் போலீஸ் தலைவர்) அலுவலகத்துக்கு விசாரணை என்று கூப்பிட்டார்கள். வீட்டார் போய்க் கேட்டால் சாயங்காலம் விட்டுவிடுவோம் என்றார்கள், மறுநாள் என்றார்கள், அப்புறம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனபோது போலீஸ் சொன்ன பதில் என்ன தெரியுமா? அவரை நாங்கள் பிடித்து வைக்கவே இல்லை, சில வழக்குகளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு உதவ அவர் சம்மதத்தோடுதான் வந்தார் என்று. ஐந்து நாள். கைது செய்ய அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்ய நியாயமான காரணம் இருப்பது வேறு என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் சொன்னது. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் இன்னும் கறாராக, ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, ஏன் தேவை என்று போலீஸ் எழுதிக் காட்ட வேண்டும், மாஜிஸ்திரேட் அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றது. நாம் பொதுவாகக் கேள்விப்படும் அடிதடி, ஏமாற்று, திருட்டு, வரதட்சணைக் கொடுமை வழக்குகளில் முக்கால்வாசி இதற்குள் வந்துவிடும்.

சாட்சியாகக் கூப்பிடும்போது பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் ஸ்டேஷனுக்குப் போகவே தேவையில்லை. போலீஸ்தான் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். "பையன் எங்கேன்னு சொல்ல அம்மா ஸ்டேஷன் வரட்டும்" என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை, இதை எல்லா அம்மாக்களுக்கும் சொல்லி வையுங்கள்.

நோட்டீஸ் முறையாக வந்தால் கட்டாயம் போய்விடுங்கள், ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு. போய் ஒத்துழைக்கிற ஆளைக் கைது செய்ய வேண்டுமென்றால் போலீஸ் அதற்கும் காரணம் எழுத வேண்டும். போகாவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கைதுக்குப் பதிலாகக் கொடுக்கும் இந்த பிரிவு 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனாலும் அப்படி வந்தால் சும்மா விட்டுவிடாமல் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், வீடியோ காலில் யூனிஃபார்மோடு உட்கார்ந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் அது நூற்றுக்கு நூறு மோசடி. போனை வைத்துவிட்டு 1930-க்குக் கூப்பிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

மணியைப் பாருங்கள், எழுதுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், சட்டையில் பெயர்ப் பட்டை இருந்ததா, என்ன பெயர், வண்டி எண், எந்த ஸ்டேஷன் என்று சொன்னார்கள், யார் பார்த்தார்கள். பால்காரரோ எதிர்வீட்டுக்காரரோ பார்த்திருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.

அடுத்து அந்த நேரத்தை உங்கள் கையை விட்டு வெளியே அனுப்புங்கள். முன்பெல்லாம் யாரையாவது போலீஸ் பிடித்துப் போனால் உடனே தந்தி ஆபீசுக்கு ஓடுவார்கள். கலெக்டருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று, ஐகோர்ட்டுக்கு ஒன்று என்று தந்தி கொடுப்பார்கள். "இன்று காலை 6 மணிக்கு என் கணவரைப் போலீஸ் கூட்டிச் சென்றது, எங்கே என்று தெரியவில்லை" என்று நாலு வார்த்தை இருந்தால் போதும். தந்தியில் அரசாங்கமே தேதியும் நேரமும் போட்டுக் கொடுத்துவிடும். பின்னால் போலீஸ் "மறுநாள் சாயங்காலம்தான் பேருந்து நிலையத்தில் சந்தேகப்படும்படி நின்றார், பிடித்தோம்" என்று எழுதினால், அந்த ஆளைக் காணவில்லை என்று முந்தின நாளே தந்தி வந்திருக்கிறதே என்று வக்கீல் எழுந்து கேட்பார். ஜோடித்த கைது நேரத்தை உடைக்க ஏழைகளிடம் இருந்த ஒரே ஆயுதம் அது. 2013 ஜூலையில் தந்திச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். அதே வேலையை இப்போது மின்னஞ்சல் செய்யும்: எஸ்.பி. அல்லது கமிஷனர், கலெக்டர், மாநில மனித உரிமை ஆணையம், பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட் என்று எல்லாருக்கும் ஒரே மெயில், பத்து வரிக்கு மேல் வேண்டாம். 112-க்கு அடித்துச் சொன்னால் அந்த அழைப்பும் பதிவாகும். மறுநாள் காலை தபால் நிலையம் திறந்ததும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்குப் போடுவதும் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது.

வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்காதீர்கள். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழு கிடைக்கும், ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. காவலில் இருக்கும் யாருக்கும் வருமானச் சான்றிதழ் கேட்காமல் இலவச வக்கீல் தர வேண்டும்.

கைது மெமோ

கைது என்றால் கைது மெமோ எழுத வேண்டும். அதில் தேதி, நேரம், குடும்பத்தில் ஒருவர் அல்லது அந்தப் பகுதியில் மதிப்பான ஒருவர் சாட்சிக் கையெழுத்து, கைதானவர் கையெழுத்து. கைது செய்கிறவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதானவர் சொல்லும் ஒரு நபருக்குத் தகவல் சொல்ல வேண்டும், சொன்னதை ஸ்டேஷன் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது? 1986 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பொன்றை நடத்திவந்த டி.கே.பாசு, லாக்கப்பில் ஆட்கள் செத்துப்போகும் செய்திகளைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி எடுத்து, ஒரு கடிதத்தோடு சேர்த்து இந்தியத் தலைமை நீதிபதிக்கு அனுப்பினார். ஒரு சாதாரணக் கடிதம், அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்பு வர பத்து வருஷம் ஆயிற்று, 1996 டிசம்பர் 18. போலீஸ் என்ன செய்ய வேண்டும் என்று பதினொரு கட்டளைகள் போட்டது உச்ச நீதிமன்றம், பின்னால் அதில் பெரும்பகுதி சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தப் பதினொன்றையும் படித்துப் பாருங்கள், அடிக்காதே என்று உபதேசம் செய்வதாக எதுவும் இருக்காது. பெயர்ப் பட்டை போடு, மெமோ எழுது, நேரம் குறி, டைரியில் பதி, உடம்பில் உள்ள காயத்தைக் குறித்துக் கையெழுத்து வாங்கு, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டு, கன்ட்ரோல் ரூமுக்குச் சொல். அடி எங்கே நடக்கிறது என்று அந்தத் தீர்ப்பை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் மெமோவில் கையெழுத்துப் போடும்போது கைது நேரம் என்ற கட்டத்தைப் பாருங்கள். காலையில் பிடித்துவிட்டு இரவு எட்டு மணி என்று எழுதியிருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "என்னைப் பிடித்தது காலை 7 மணி" என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத விடவில்லை என்றால் அதை மனதில் வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். கைது என்பது ஆளை நகர விடாமல் நிறுத்திய நிமிஷத்திலிருந்து தொடங்குகிறது, அதிகாரி தாளில் எழுதும் நேரத்திலிருந்து அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1990-லேயே சொல்லியிருக்கிறது.

பெண்களைச் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடுதான் செய்யலாம். இந்த விதி மீறப்பட்டது என்பதால் மட்டுமே கைது செல்லாததாகிவிடாது என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருப்பதால், இதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மீறல் நடந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள், மீறிய அதிகாரி அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ஏன் கைது என்று எழுத்தில் கேளுங்கள்

1919-ல் ரௌலட் சட்டம் வந்தபோது வடக்கே ஒரு கோஷம் எழுந்தது: வக்கீல் இல்லை, தலீல் இல்லை, அப்பீல் இல்லை. தலீல் என்றால் வாதம். விசாரணை இல்லாமலே இரண்டு வருஷம் வரை உள்ளே வைக்கலாம் என்ற சட்டம் அது. அதை எதிர்த்து நாடு முழுக்க நடந்த கடையடைப்பு யோசனை, காந்தி அப்போது தங்கியிருந்த மெட்ராசில்தான் அவருக்குத் தோன்றியது. ஏப்ரல் 6-ல் ஹர்த்தால், 10-ல் அமிர்தசரஸில் போராட்டத் தலைவர்கள் கிச்லூவும் சத்யபாலும் கைது, 13-ல் ஜாலியன்வாலா பாக். அந்தக் கூட்டத்தின் முக்கியமான கோரிக்கை அந்த இரண்டு பேரை விடுவிக்க வேண்டும், இந்தச் சட்டம் கூடாது என்பதுதான்.

அப்படி ஒரு காலத்தைத் தாண்டி வந்தவர்கள் அரசியல் சாசனம் எழுதும்போது இதைச் சுலபமாகக் கொடுத்திருப்பார்கள் என்று நினைப்போம், அப்படி நடக்கவில்லை. உயிர், சுதந்திரம் பற்றிய பிரிவில் "சட்டம் வகுத்த நடைமுறைப்படி பறிக்கலாம்" என்று போட்டுவிட்டார்கள். அப்படியானால் நாடாளுமன்றம் எந்த மோசமான சட்டம் போட்டாலும் செல்லுமே என்று அரசியல் நிர்ணய சபையில் பலர் கொதித்தார்கள். அந்தக் குறையை ஓரளவாவது ஈடுகட்ட 1949 செப்டம்பரில் அம்பேத்கர் புதிதாகக் கொண்டுவந்ததுதான் இன்றைய 22-வது பிரிவு: காரணம் சொல்ல வேண்டும், விரும்பும் வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் இல்லை, தலீல் இல்லை என்ற அந்தக் கோஷத்துக்கு முப்பது வருஷம் கழித்து வந்த பதில் இது.

காரணத்தை வாயால் சொன்னால் போதுமா? ரொம்ப நாள் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2023-ல் அமலாக்கத்துறை வழக்குகளுக்கும் 2024-ல் யு.ஏ.பி.ஏ.வுக்கும் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பரில் எல்லாக் குற்றங்களுக்கும் அதையே நீட்டியது: கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில். உடனே எழுதிக் கொடுக்க முடியாத அவசரம் என்றால் வாயால் சொல்லலாம், ஆனால் காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தாள் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கைதே செல்லாது. இது புத்தம் புதிதாகக் கிடைத்திருப்பது. கேளுங்கள்: "காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்க சார்." ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு படிவத்தில் பிரிவு எண் மட்டும் நிரப்பியிருந்தால் அது காரணம் ஆகாது.

ஸ்டேஷனுக்குள்

பெயர், முகவரி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அதை மறைத்தால் அதுவே கைதுக்குக் காரணமாகும். மற்றபடி உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு (சாசனத்தின் 20-வது பிரிவு). 1978-ல் இதைக் கோர்ட்டில் நிலைநாட்டியது ஒரு முன்னாள் முதலமைச்சர், ஒரிசாவின் நந்தினி சத்பதி. போலீஸ் கொடுத்த கேள்வித்தாளுக்குப் பதில் எழுத மறுத்ததற்காக அவர் மேலேயே வழக்குப் போட்டார்கள். முதலமைச்சராக இருந்தவருக்கே அந்த நிலை.

விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம், முழு நேரமும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது.

வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். புலன்விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்தே வாங்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது, போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாகவும் ஆகாது. அடி தாங்க முடியாமல் போட்டுவிட்டால்? உடைந்துபோக வேண்டாம். எத்தனை தாள், எத்தனை மணிக்கு, யார் வாங்கினார்கள் என்பதை ஞாபகம் வைத்து மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். அங்கே உயிரோடும் உடம்போடும் வந்து சேர்வதுதான் முதல் வேலை.

24 மணி நேரம், மாஜிஸ்திரேட்

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு, எதுவும் கணக்கில்லை, கோர்ட் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அதற்கு முன் அரசு மருத்துவமனையில் பரிசோதனை. டாக்டர் எழுதும் அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும். அங்கே போலீஸ் பக்கத்தில் நிற்கும், டாக்டர் தலையைத் தூக்காமலே எழுதிக்கொண்டிருப்பார். அப்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள். எங்கே வலி, எதனால் வந்தது என்று.

மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிஷம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். அவர் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லலாம்: "ஐயா, என்னைப் பிடித்தது இத்தனை மணிக்கு. அடித்தார்கள், இங்கே காயம் இருக்கிறது. காரணம் எழுதித் தரவில்லை. எனக்கு வக்கீல் வேண்டும்." இந்த நாலு வாக்கியம் போதும். வீட்டிலிருந்து ஒருவராவது அங்கே நிற்கப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் படி வெறும் சடங்காகிப்போன இடங்களில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பிகாரில் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குத்தி ஆசிட் ஊற்றினார்கள். அந்த வழக்கை 1981-ல் விசாரித்த உச்ச நீதிமன்றம் கவனித்த விஷயம், கண் போய் நின்ற அவர்களைப் பார்த்து இந்தக் காயம் எப்படி வந்தது என்று ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டுகள் கேட்கவே இல்லை என்பது. இலவச வக்கீல் உண்டு என்று கைதிக்கு மாஜிஸ்திரேட்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டளை அந்த வழக்கில் வந்தது. நாற்பது வருஷம் கழித்து, 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று தொடங்கிய விவகாரத்தில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் கைதானார்கள். ஸ்டேஷனில் இரவு முழுக்க அடி, பிறகு ஆஸ்பத்திரி, பிறகு ரிமாண்ட், பிறகு கோவில்பட்டி கிளைச் சிறை. சில நாட்களுக்குள் இரண்டு பேரும் இறந்தார்கள். டாக்டர், மாஜிஸ்திரேட், சிறை என்று மூன்று படியும் தாண்டித்தான் இது நடந்தது. ஸ்டேஷனில் சி.சி.டி.வி. இருந்தது, ஹார்டு டிஸ்க்கில் இடமும் இருந்தது, ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு துணிந்து சாட்சி சொன்னதால்தான் அந்த இரவில் நடந்தது வெளியே வந்தது.

அதே வருஷம் டிசம்பரில், வேறொரு வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், முடிந்தவரை 18 மாதம் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் காவலில் ஏதாவது நடந்தால் "இன்ன தேதி இன்ன நேரத்துப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்" என்று எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் உடனே எழுத்தில் மனுக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ரிப்பேர் என்பார்கள்.

ஆளே வரவில்லை என்றால்

24 மணி நேரம் தாண்டியும் கோர்ட்டுக்குக் கொண்டுவரவில்லை, எங்கே என்றும் சொல்லவில்லை என்றால் ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு, சென்னை ஐகோர்ட்டிலோ அதன் மதுரைக் கிளையிலோ. அம்மா, மனைவி, நண்பர், யார் வேண்டுமானாலும் போடலாம். இந்த மனுவுக்கு ஐகோர்ட் முன்னுரிமை கொடுக்கும். நீங்கள் அனுப்பிய மெயில், ஸ்பீட் போஸ்ட் ரசீது எல்லாம் இங்கேதான் வேலைக்கு வரும்.

இந்த மனுவுக்கும் ஒரு காலத்தில் கதவை அடைத்தார்கள். அவசரநிலையின்போது ஆட்களைப் பிடித்து வைத்தபோது ஒன்பது உயர் நீதிமன்றங்கள் மனுக்களைக் கேட்போம் என்றன, உச்ச நீதிமன்றமோ 1976 ஏப்ரல் 28-ல் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் கேட்க முடியாது என்றது. விசாரணையில் நீதிபதி எச்.ஆர்.கன்னா அரசாங்கத்தின் அட்டர்னி ஜெனரலிடம் கேட்டார்: சொந்தப் பகையில் ஒரு போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நிவாரணம் கிடையாதா? அவசரநிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. கன்னா மட்டும் மாற்றித் தீர்ப்பு எழுதினார், தலைமை நீதிபதி பதவி அவருக்கு வராமல் போயிற்று. அந்த மாதங்களில்தான் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனை 1976 மார்ச் 1 அன்று போலீஸ் கொண்டுபோயிருந்தது. அவன் அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர், ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். பிடித்துப் போனார்கள் என்று கல்லூரி முதல்வர் அவருக்கு எழுதிய கடிதம் கையில் இருந்தது. அவசரநிலை 1977 மார்ச் 21-ல் முடிந்ததும் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். ராஜன் எங்கள் காவலில் இருந்ததே இல்லை என்று அரசு தரப்பு சாதித்தது. கடிதமும் கண்ணால் பார்த்தவர்களின் சாட்சியமும் அதை உடைத்தன. முதலமைச்சராகியிருந்த கருணாகரன் ஏப்ரலிலேயே பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல் அந்த அப்பாவுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

1978-ன் 44-வது திருத்தம், இனி எந்த அவசரநிலையிலும் உயிர், சுதந்திர உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்த முடியாது என்று ஆக்கிவிட்டது. அந்த 1976 தீர்ப்பையே 2017-ல் உச்ச நீதிமன்றம் தவறு என்று சொல்லி நீக்கியது.

குண்டாஸ் போட்டால்

ஜாமீன் பற்றி ஒன்று மட்டும்: 60 நாளில் (பெரிய குற்றமென்றால் 90) குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும், ஆனால் மனுப் போட்டால்தான். 61-வது நாள் காலையே போடுங்கள்.

ஜாமீன் கிடைக்கப் போகிறது என்ற நேரத்தில் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் வந்து விழும். 1982-ன் சட்டம், கலெக்டர் அல்லது கமிஷனர் உத்தரவு, ஒரு வருஷம் வரை விசாரணை இல்லாமல் சிறை. மேலே சொன்ன 24 மணி நேரமெல்லாம் இதற்குக் கிடையாது, சாசனத்தின் 22-வது பிரிவே இதற்கு விலக்குக் கொடுத்திருக்கிறது.

சாசனம் வந்து ஒரு மாதத்திலேயே இதே மாதிரி ஒரு தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது, மெட்ராஸ் மாகாணத்துச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 19, பெரும்பாலும் தோற்றார், சட்டம் இருந்தால் போதும் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று கோர்ட் ஒப்புக்கொள்ள 1978-ல் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கு வரை ஆயிற்று. ஆனால் கோபாலன் வழக்கில் ஒரே ஒரு பிரிவு அடிபட்டது: காவலுக்கான காரணத்தைக் கைதி கோர்ட்டிடம்கூடக் காட்டக் கூடாது என்ற, அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு. அந்தத் தாளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் உரிமை அவர் வாங்கிக் கொடுத்தது.

இன்றைக்கும் குண்டாஸ் உடைவது அந்தத் தாளில்தான். உத்தரவோடு கைதிக்கு ஒரு கட்டு கொடுப்பார்கள், எல்லாரும் புக்லெட் என்பார்கள். ஐந்து நாளைக்குள் கொடுக்க வேண்டும். அதை வீட்டார் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். படிக்க முடியாத ஜெராக்ஸ் பக்கம் எது, எந்த ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, "இவர் ஜாமீனில் வந்துவிடுவார்" என்பதற்குக் காட்டியிருக்கும் பழைய ஜாமீன் உத்தரவு உண்மையில் இதே மாதிரி வழக்கா. இந்த மாதிரிக் குறைகளுக்காக ஐகோர்ட் எத்தனையோ உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. அதோடு, விடுவிக்கக் கேட்டு அரசுக்கு உடனே ஒரு மனு எழுதி அனுப்புங்கள், அதைக் காரணமில்லாமல் தாமதமாகப் பார்த்தால் அந்தத் தாமதமே உத்தரவைக் கவிழ்க்கும். மூன்று வாரத்துக்குள் விஷயம், காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும், அங்கே கைதி நேரில் பேசலாம். இதற்குள்ளேயே ஆட்கொணர்வு மனுவையும் போட்டுவிட வேண்டும். தாமதமாகப் போட்டால் விசாரணைக்கு வருவதற்குள் பாதி வருஷம் ஓடிவிடும்.

வெளியே வந்த பிறகு

காவலில் அடித்திருந்தால், மருத்துவ அறிக்கை, மெமோ நகல், ரிமாண்ட் உத்தரவின் சான்றிட்ட நகல், நீங்கள் அனுப்பிய மெயில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். காயத்தைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுக்க நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம்தான் அவகாசம், அதற்குமேல் போனால் எடுக்க மாட்டார்கள். விடுதலையான பிறகும் பதினாலு வருஷம் பிகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-ல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னதிலிருந்து, அடிப்படை உரிமை பறிபோனதற்கு அரசிடம் ஐகோர்ட்டிலேயே பணம் கேட்கலாம். புகார் கொடுக்கத் தனியாகப் போகாதீர்கள், வக்கீலையோ ஊரில் உள்ள மனித உரிமை அமைப்பு ஆட்களையோ கூட்டிக்கொண்டு போங்கள், கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.